பம்பைச் சத்தம் கேட்கும் தூரம்

ஜவ்வாது மலைக்கு மாறுதலாகி வருகிற ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கீழே இறங்கக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று. அடுத்தது, சிக்னல் எங்கே கிடைக்கும் என்று. மூன்றாவதாக ஒன்றைக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. வேலையில் இருந்தவரை இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன். இப்போது ஓய்வு பெற்று கலசப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், போவதற்கு வகுப்பு இல்லை. ஆகவே நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியின் சுவரில் அதை அரசாங்கம் கட்டியதாக எழுதியிருக்கும். கட்டடத்தை அரசாங்கம் கட்டியது, சரி. பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தது ஊர். சாமை கொட்டி வைக்கிற கொட்டகை ஒன்றைக் காலி செய்து, கீழேயிருந்து ஒரு வாத்தியாரைக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்தார்கள். அறுப்பு முடிந்தால் சாமை உள்ளே போகும், வாத்தியாரும் பிள்ளைகளும் வெளியே வருவார்கள். முதல் வாத்தியார் ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார். இரண்டாமவர் கல்யாணத்துக்கு லீவு கேட்டுப் போனார், கல்யாணம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. ஊர் சளைக்காமல் மூன்றாவது ஆளைப் பிடித்து வந்தது. அதற்கப்புறம்தான் அரசாங்கம் வந்து பெயர்ப்பலகை மாட்டியது. தொடக்கப் பள்ளி நடுநிலைப் பள்ளியானது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது உயர்நிலைப் பள்ளியானது.

உயர்நிலைப் பள்ளி என்றால் கீழ்நாட்டில், அதாவது மலைக்குக் கீழே, அது பலகையில் ஒரு வார்த்தை. இங்கே அப்படியில்லை. எட்டாவது முடித்த பையன்கள் விடுதி தேடிப் போவார்கள், பெண் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு காப்பி எஸ்டேட்டுக்குப் போவார்கள். பத்தாவது உள்ளூரிலேயே வந்ததால்தான் சில பெண்கள் நின்றார்கள். முதல் பத்தாம் வகுப்பில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் அந்த ஊர்ப் பிள்ளைகள். இவர்கள் தேர்வு எழுதவில்லையென்றால் பள்ளியைப் பழையபடி நடுநிலைக்கே இறக்கிவிடுவோம் என்று மேலே இருந்து வாய்வார்த்தையாக எச்சரித்திருந்தார்கள். வாய்வார்த்தை எச்சரிக்கைதான் துறையில் நிச்சயமாக நடக்கும், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேரும் எழுதினார்கள், ஏழு பேர் தேறினார்கள், பள்ளி உயர்நிலைப் பள்ளியாகவே இருக்கிறது. கடைசியில் வரும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்த ஒன்பதில் ஒருத்தியான அலமேலுவின் அம்மாவைப் பற்றி. பெயர் பூங்காவனம். அவள் வீட்டுக்காரன் மரம் வெட்ட ஆந்திரா பக்கம் போனவன், திரும்பி வரவில்லை. என்ன ஆனான் என்று யாரும் அவளிடம் சொல்லவுமில்லை. ஒரு துண்டு நிலத்தில் சாமை போட்டுக்கொண்டு, மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இனி சமாசாரத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் அம்மன் திருவிழா பல வருஷமாக நின்றுபோயிருந்தது. முதல் காப்பு யார் கையில் கட்டுவது என்று இரண்டு பங்காளிக் குடும்பங்களுக்குள் தகராறு. அந்த வருஷம் ஒருவழியாகச் சமாதானமாகி, திருவிழா வைப்பதென்று முடிவானது. என்னையும் ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது என்று மரியாதையாகக் கேட்டார்கள். பங்குனியில் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊர் நம்மை எவ்வளவு மதிக்கிறது பார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட. அடுத்த வாரம் பயிற்சிக்காகத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஊர் நுழைவில் வேப்பிலைத் தோரணம் தொங்கியது. காப்பு கட்டியாகிவிட்டது. பங்குனியில், பரீட்சைக்கு முந்தின நாளான அன்று பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் கீழ்நாட்டுத் திருவிழாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊரில் காப்பு கட்டினால், அதை அவிழ்க்கிற வரை ஊர்க்காரர் ஒருத்தரும் எல்லையைத் தாண்டக் கூடாது. குழந்தையிலிருந்து கிழம் வரை. தாண்டினால் அந்த வருஷம் ஊருக்கு எது நடந்தாலும் அது தாண்டினவர் தலையில் விழும். எங்களைப் போல வெளியாட்கள் வரலாம், போகலாம், அம்மன் கணக்கில் வாத்தியார்கள் வருவதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு மையமோ மலையிலேயே இன்னொரு பெரிய ஊரில். ஜீப்பில் போக வேண்டிய தூரம்.

நேரே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். ஊர்க்கவுண்டர் என்றால் ஊரின் தலைவர், கடைசி வார்த்தை அவருடையது. நல்ல உயரம், குறைந்த பேச்சு. வாசலில் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்.

"கவுண்டரே, பரீட்சைன்னு சொன்னேனே! அதே நேரத்துல போய்க் காப்பு கட்டியிருக்கீங்களே!"

"அதுக்குத்தான டீச்சரம்மா உங்கள கேட்டோம். பரிச்ச நேரம்னா புள்ளைங்க எல்லாம் ஊர்லயே இருக்கும். எஸ்டேட்டுக்குப் போனவங்களும் புள்ளைய பாக்க வருவாங்க. சாமிக்கும் நல்லது, பரிச்சைக்கும் நல்லதுன்னு வெச்சோம்."

"பரீட்சை இங்க இல்லைங்க. வெளியூர்ல."

அவர் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். "வெளியூர்லயா? நம்மளுக்குத்தான் பள்ளிக்கூடம் கீதே, அப்பறம் இன்னாத்துக்கு வெளியூரு?"

அவர் கேட்டது நியாயம். கொட்டகைக் காலத்திலிருந்து அந்த ஊரில் எல்லாப் பரீட்சையும் ஊருக்குள்ளேதான் நடந்திருக்கிறது. பத்தாவது மட்டும் வேறு இடத்தில் போய் எழுத வேண்டுமென்பது எனக்குத் தெரியும், துறைக்குத் தெரியும், ஒன்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஊருக்கு யாரும் சொல்லவில்லை, பிள்ளைகளை ஊர்க்கூட்டத்தில் யாரும் கேட்கவுமில்லை. ஊருக்கு எல்லை மூடியிருக்குமென்று தெரியும், எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அவ்வளவு மரியாதையாகப் பேசி முடித்திருந்தோம்.

"பரீட்சை முடியற வரைக்கும் தள்ளி வையுங்களேன்" என்றேன். கட்டின காப்பை அவிழ்த்தால் பங்காளிகள் மறுபடி அடித்துக்கொள்வார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் மலையில் பிரசித்தம். கலெக்டரிடம் சொல்வேன், போலீசைக் கூப்பிடுவேன், படிப்பைத் தடுப்பது குற்றம் தெரியுமா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் உள்ளே திரும்பி, "டீச்சரம்மாவுக்குத் தண்ணி குடு" என்றார். கத்தியதில் கிடைத்த பலன் அந்தச் சொம்புத் தண்ணீர்தான்.

சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி, எனக்கு முன் தலைமையாசிரியராக இருந்தவருக்குப் போன் போட்டேன். நான் குருவாக நினைத்தவர், திருப்பத்தூரில் ஓய்வாக இருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல யோசனை வரப்போகிறது என்று காதோடு போனை அழுத்திக்கொண்டேன்.

"மருத்துவ விடுப்பு போட்டுரும்மா" என்றார். "பொறுப்பு அடுத்த ஆளுக்குப் போய்டும்."

குருமார்கள் எல்லா நேரமும் குருமார்களாக இருப்பதில்லை. வயதான பிறகு அவர்களுக்கும் ஓய்வு வேண்டியிருக்கிறது.

கல்வி அலுவலகத்துக்குப் போட்டேன். "போலீஸ் பாதுகாப்போட ஜீப்புல ஏத்திக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் அங்கே ஒருவர். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. எங்கள் அறிவியல் ஆசிரியர் இளரத்தம். விடிவதற்குள் பிள்ளைகளை ஓசைப்படாமல் காட்டுப்பாதையில் நடத்திக் கொண்டுபோய் ஜீப்பில் ஏற்றிவிடலாம், எழுதிவிட்டு வந்தபிறகு தெரிந்தால் தெரியட்டும் என்றார். உண்மையைச் சொன்னால், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஜீப்புக்காரரிடம் பேசவும் பேசிவிட்டேன்.

சாயங்காலம் அலமேலு வந்தாள். அதிகம் பேசாத பெண். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், சார் சொன்னாரு. நாளைக்கு இருட்டோட போறோமாமே."

"ஆமா. உனக்கு என்ன?"

"நான் வர்றேன் டீச்சர். எழுதணும். ஆனா திரும்பி எங்க வர்றது?"

"வீட்டுக்குத்தான் வருவ. வேற எங்க?"

"எனக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்க டீச்சர். எங்கம்மாவத்தான் தள்ளி வெப்பாங்க. சாமை அறுக்க எங்க கொல்லைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. அம்மா ஒண்டியா அறுக்க முடியாது." கதவுவரை போய்த் திரும்பினாள். "மத்தவங்க வூட்ல அப்பா கீறாங்க. சண்டை போடுவாங்க."

அந்த ஊரில் கூலிக்கு ஆள் வைத்து அறுப்பதில்லை. இன்று நீ என் கொல்லைக்கு, நாளை நான் உன் கொல்லைக்கு. தள்ளி வைத்துவிட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள், முற்றின சாமை தரையில் கொட்டிப்போகும், அந்த வீட்டுக்கு வருஷச் சோறு இல்லை. அப்புறம் பத்தாவது தேறினால் என்ன, மாநிலத்தில் முதலாவதாக வந்தால் என்ன, அம்மாவும் மகளும் எஸ்டேட் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஜீப்புக்காரரைக் கூப்பிட்டு விடியலில் வர வேண்டாம் என்றேன். அறிவியல் ஆசிரியர் என்னைக் கோழை என்று வாயால் சொல்லவில்லை, பார்வையால் சொன்னார். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான், தம்பி தங்கைகளே. பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பாதி வேலை. எழுதி முடித்தபின் அது எந்த வாசலுக்குத் திரும்பிப் போகும், அந்த வாசல் திறந்திருக்குமா என்று பார்ப்பது மீதிப் பாதி. நமக்கு மாறுதல் உண்டு, அவர்களுக்கு இல்லை.

பொழுது இறங்குவதற்குள் கோயிலடிக்குப் போனேன். இந்த முறை கத்தவில்லை. கத்தாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமென்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். பெரியவர்கள் கூடியிருந்தார்கள். ஒரு ஓரமாக உட்கார்ந்து, வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டேன்.

"எல்லை எல்லைன்றீங்களே, அது எதுவரைக்கும்ங்க?"

ஒருவர் ஓடையைக் காட்டினார். இன்னொருவர், ஓடை இல்லை, அதைத் தாண்டிப் பலாமரம் வரைக்கும் என்றார். இருவரும் கொஞ்ச நேரம் அதற்கு மல்லுக்கு நின்றார்கள். ஊர்க்கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்லும் கெடையாது, மரமும் கெடையாது. பம்பை கேக்கற மட்டும் எல்லை. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அதான்."

பம்பை தெரியும்தானே, இரட்டை மேளம், நம் பக்கத்து அம்மன் கோயில்களில் சாமியை அழைக்க அடிப்பது. அதன் சத்தம் காதில் விழுகிற தூரம்வரை அம்மன் பார்வை இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் எல்லை பலாமரம், அந்தப் பக்கம் அடித்தால் ஓடை. இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

"பம்பையை எங்க நின்னு அடிக்கணும்னு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

கோயிலில் இரண்டு பம்பை உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர் அடிப்பார்கள். ஊர்வலத்தில் அம்மன் தெருத்தெருவாகப் போகும்போது பம்பையும் கூடவே போகும் என்பது எனக்குத் தெரியும். ஊர்க்கவுண்டருக்கும் தெரியும். நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் பிடிபட்டது முகத்திலேயே தெரிந்தது.

"ஒண்ணு இங்க கோயிலாண்ட அடிக்கட்டும்" என்றேன். "இன்னொண்ணு புள்ளைங்க கூட வரட்டும்."

"ஜீப்புலயா?" என்றார் தம்பி பம்பைக்காரர். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு ஜீப்பு ஒத்துக்காதுங்க. வாந்தி வரும்."

பங்காளிகளில் ஒரு தரப்பு முடியாது என்றது. ஆகவே மற்ற தரப்பு முடியும் என்றது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பங்காளிச் சண்டையால் ஒரு நன்மை நடப்பதைப் பார்த்தேன். கடைசியில் கவுண்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"சத்தம் விடாம கேக்கணும். கேக்கற மட்டும் புள்ளைங்க எல்லைக்குள்ள. கேக்கலன்னா நானும் ஒண்ணும் பண்ண முடியாது டீச்சரம்மா."

மறுநாள் காலை ஒன்பது பிள்ளைகளும், நானும், தம்பி பம்பைக்காரரும் ஒரே ஜீப்பில் கிளம்பினோம். அறிவியல் ஆசிரியர் பின்னால் பைக்கில். பம்பைக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்தார். நேரான ரோட்டில் அடித்தார், வளைவில் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். பின்னால் பிள்ளைகள் தமிழ் மனப்பாடப் பாட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வழியில் எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, கைகூப்பிக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன், வேறு என்ன செய்ய!

மையத்தில் முதன்மைக் கண்காணிப்பாளர் வாசலிலேயே நின்றார். செங்கத்துக்காரர், விதி என்றால் விதி. பம்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்னங்க மேடம்?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், பங்காளிச் சண்டை உட்பட. ஒரு தடவைகூடச் சிரிக்காமல் கேட்டார்.

"மையத்துக்குப் பக்கத்துல சத்தம் கூடாதுங்க. உள்ள நூத்துக்கணக்குல பிள்ளைங்க எழுதறாங்க. உங்க ஒன்பது பேருக்காக மேளம் அடிக்க விட முடியாது."

"சரிங்க சார். மேளம் இல்லன்னா எங்க ஒன்பது பேரும் திரும்பிடணும்."

"அது உங்க பிரச்சினை."

அலமேலு இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பம்பைக்காரர் ஒருவர்தான் தன் வேலையைக் கவனித்து, மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளே போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கத்தலாமா என்று யோசித்தேன். தண்ணீர்தான் கிடைக்கும்.

அப்போதுதான் வராந்தாவில் தொங்கின தண்டவாளத் துண்டு கண்ணில் பட்டது. தேர்வில் கேள்வித்தாள் கொடுக்க ஒரு மணி, எழுத ஆரம்பிக்க ஒரு மணி, நடுவில் அரைமணிக்கு ஒரு மணி, கடைசியில் ஒரு மணி அடித்தே ஆகவேண்டும். அதுவும் விதிதான்.

"சார், மணி யார் அடிப்பாங்க?"

"வாட்ச்மேன்."

"எதால அடிப்பாங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைக் கோணினார். "மேடம், மணின்னா மணி."

"மணி அடிக்கணும்னுதாங்க விதி. அது இரும்பா இருக்கணுமா, தோலா இருக்கணுமான்னு எங்கயாவது சொல்லியிருக்கா?"

பாக்கெட்டிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தேவிட்டார். விதியை நம்புகிற மனிதரிடம் உள்ள நல்ல விஷயம், விதியில் இல்லாததையும் அவர் நேர்மையாக ஒத்துக்கொள்வார். புரட்டினார், மூடினார். "மணிக்கு மட்டும். அதுவும் கொஞ்சமா" என்றார்.

இப்போது பம்பைக்காரர் பக்கம் சிக்கல். விடாமல் கேட்க வேண்டும் என்பது கவுண்டர் கட்டளை. அரைமணிக்கு ஒரு தரம் என்றால் நடுவில் எல்லை இருக்குமா, இருக்காதா? நான் அவரையே கேட்டேன். அவர் பம்பையைத் தரையில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கினார்.

"ஊர்ல நான் சோறு துன்ன போறப்ப நிறுத்தறேன். தூங்கறப்ப நிறுத்தறேன். அப்பல்லாம் எல்லை எங்கனா போய்டுதா? ஆனா டீச்சரம்மா, அடிக்கற அடி புள்ளைங்க காதுல விழணும். அத நான் பாத்துக்கறேன்."

வராந்தாவில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். முதல் மணிக்கு அவர் அடித்த அடியில் மையத்திலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "கொஞ்சமா!" என்று கத்திக்கொண்டே கண்காணிப்பாளர் ஓடி வந்தார். இரண்டாம் மணியிலிருந்து சரியாக அடித்தார்.

நடுவில் பறக்கும் படை வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பம்பைக்காரரின் முன்னால் நின்றார். நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும், கையில் காப்பு, மடியில் பம்பை.

"யார் இவரு?"

"மணி அடிக்கறவர் சார்" என்றார் கண்காணிப்பாளர்.

"மணி எங்க?"

"அதான் சார் மணி."

அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் முகத்தை நேராக வைத்துக்கொண்டோம். அந்த நேரம் பார்த்து அரைமணி ஆனது. பம்பைக்காரர் எழுந்து, அளவாக அடித்துவிட்டு, உட்கார்ந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. "ம்" என்று சொல்லிவிட்டு அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கண்காணிப்பாளர் அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். ஆங்கிலத் தேர்வுக்கு நாங்கள் வந்தபோது ஸ்டூல் ஏற்கெனவே போட்டிருந்தது.

காப்பு அவிழ்த்தார்கள், திருவிழா முடிந்தது, மீதித் தேர்வுகளைப் பிள்ளைகள் மேளமில்லாமல் எழுதினார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு நாள் கோபப்படாமல்கூட இருந்தேன்.

சித்திரையில் ஆலங்கட்டி மழை வந்தது. அப்படி ஒரு மழையை நான் மலையில் பார்த்ததில்லை. பட்டியில் ஆடுகள் செத்துக் கிடந்தன. அதிகம் பறிகொடுத்தவர், பம்பை ஜீப்பில் போகக் கூடாது என்று முதலில் சொன்ன அதே பங்காளித் தரப்புக்காரர். எல்லை தாண்டினதால் வந்தது என்றார். ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒன்பது குடும்பத்தையும் நிறுத்தவில்லை. பூங்காவனத்தை மட்டும் நிறுத்தினார்கள். மற்ற எட்டு வீட்டில் ஆம்பிளைகள் இருந்தார்கள்.

குற்றம் சொல்லப்பட்டவர் கூட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும், தீர்ப்பு சொல்கிற வரை உட்காரக் கூடாது. அது அவர்கள் முறை. பூங்காவனம் நின்றாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கம் கடைசியில். வெளியாளுக்கு அங்கே பேச்சுரிமை கிடையாது. பேசினால் அது பூங்காவனத்துக்கு எதிராகப் போகும் என்று ஊர்க்கவுண்டர் முன்னாலேயே என்னிடம் சொல்லிவிட்டார். அன்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான், சொன்னால் நம்புங்கள்.

பம்பைக்காரர் எழுந்தார். "நான் அடிச்சேன். வாந்தி எடுத்துட்டு எடுத்துட்டு அடிச்சேன்" என்றார்.

"நீ அடிச்ச. புள்ளைங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் ஆடு பறிகொடுத்தவர்.

ஊர்க்கவுண்டர் ஒன்பது பிள்ளைகளையும் முன்னால் வரச் சொன்னார். ஒவ்வொருத்தராகக் கேட்டார். முதல் பையன், "கேட்டுச்சு, எல்லா அடியும் கேட்டுச்சு" என்றான். அடுத்தவளும் அப்படியே. எட்டுப் பேரும் அப்படியே. வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அலமேலு கடைசியாக நின்றாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"மொதோ அடி கேட்டுச்சுங்க."

"அப்பறம்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பூங்காவனம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுச்சு என்று சொல்லு, ஒரே வார்த்தைதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அப்பறம் கேக்கலைங்க" என்றாள் அலமேலு. "எழுதிட்டிருந்தேன்."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. ஆடு பறிகொடுத்தவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "பாத்தியா! அவ வாயாலயே சொல்லிட்டா! கேக்கலன்னா எல்லைய தாண்டிட்டான்னுதான அர்த்தம்?" என் பக்கத்தில் இருந்த பெண் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். உண்மை பேச வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

ஊர்க்கவுண்டர் அவசரப்படவில்லை. அந்த எட்டுப் பேர் பக்கம் திரும்பினார்.

"நீங்க எல்லா அடியும் கேட்டிங்களா?"

"கேட்டோம்ங்க."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"அப்ப பரிச்ச எப்படா எழுதினிங்க?"

பெண்கள் பக்கமிருந்து யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். அப்புறம் ஆண்கள் பக்கமும். எட்டுப் பேரின் அப்பாக்களும் மேலே பார்த்துக்கொண்டார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை கவுண்டர் பொறுத்திருந்தார். பிறகு ஆடு பறிகொடுத்தவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாப்பா, கொல்லைல படுத்துத் தூங்கறவனுக்குப் பம்பை கேக்காது. அதுக்குன்னு அவன் எல்லைய தாண்டிட்டானா? பம்பைக்காரன் அடிச்சான், இவ அதுக்குள்ளதான் இருந்தா. இவளுக்குக் கேக்கலன்னா அது இவ வேலை மும்முரம். பொய் சொல்லி அம்மாவ காப்பாத்திக்கலாம்னு தெரிஞ்சும் சொல்லாத புள்ள. இது எல்லைய தாண்டும்ன்ற? ஆடு செத்தது மழையால. எனக்கும் செத்துச்சு."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆடு பறிகொடுத்தவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுபார்த்தார். பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்ததும் அவரும் உட்கார்ந்தார்.

பூங்காவனம் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். முடிந்துவிட்டது என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. கை இரண்டையும் முந்தானையில் முறுக்கிக்கொண்டு, இன்னும் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"உக்காரும்மா" என்றார் கவுண்டர்.

பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள், ஆடு பறிகொடுத்தவரின் மனைவி உட்பட, ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பூங்காவனம் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். "சாமை நாத்து போட்டுட்டியா இல்லையா?" என்று, பேச ஏதாவது வேண்டுமே என்பதற்காக அந்த அம்மாள் அவளைக் கேட்டாள்.

"சாமைக்கு நாத்து ஏதுக்கா" என்றாள் பூங்காவனம். "வெதைக்கணும்."

"ஆமா இல்ல" என்றாள் அந்த அம்மாள். "மழை பேஞ்சதும் சொல்லு, வெதைக்க வர்றோம்."